பட்டியில் எட்டாவது ஓட்டை

அத்தியாயம் நான்கு

“மிஸ், நான் களவெடுக்கல்ல. ஆரையும் அடிக்கல்ல. ஒரு ஓட்டை போட்டதெண்டு செல்றாங்க. அதையும் நான் போடல்ல.”

அபூதாஹிர் கதிரையின் நுனியில் இருந்தான். மூதூர்க்காரன். உயரம், மெலிவு, கழுத்து மட்டும் தடிப்பு. மல்யுத்தக்காரன் என்றால் வாசலை அடைத்துக்கொண்டு வருவான் என்று குணேஸ்வரி நினைத்திருந்தாள்.

“ஓட்டைக்கு வழக்கெண்டா என்ட காருக்குத் தூக்குத்தான்,” என்றான் வாசலில் நின்ற லாபிர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடினான். லாபிர் வாடகைக்குக் கார் ஓட்டுபவன். அவளுக்கு உதவியாளும் அவன்தான். அவனுடைய மொறிஸ் மைனர் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் நின்றுவிடும். பேச்சு எங்கேயும் நிற்காது. குணேஸ்வரி பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு, அதை விட்டவள். இப்போது பிறர் தொலைத்ததைத் தேடிக் கொடுக்கிறாள். ஊர் இன்னும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறது.

“எந்த ஓட்டை?”

“இடுப்புப் பட்டியில மிஸ். கொட்டியாரக் குடா மல்லுப் பட்டம்.”

அவன் சொன்னான். சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடம் தொடங்கிய பட்டம் அது. கப்பல்துறைத் தொழிலாளரும் வெள்ளைக்காரக் கடற்படையினரும் கடற்கரையில் மேடை கட்டி மல்லுக்கு நின்றார்கள். ரிக்கற் வைத்துச் சனம் பார்த்தது. கப்பற்பாய் தைக்கிற ஒருவர் மாட்டுத்தோலில் அகலமான இடுப்புப் பட்டி செய்து கொடுத்தார். முதலில் வென்றவனுக்கு அது பொருந்தவில்லை. அவன் பட்டியை மேடையின் மூலைக் கம்பத்தில் வைத்து, கயிறு பிரிக்கிற இரும்பு முள்ளால் ஒரே அடியில் தன் இடுப்பளவுக்கு ஓட்டை போட்டுக்கொண்டான். சனம் கத்தியது. அன்றிலிருந்து அதுவே வழக்கம். வென்றவன் தன் ஓட்டையை மேடையிலே தானே போடவேண்டும். மற்றவன் ஓட்டையில் கட்டக்கூடாது. இந்த இருபத்தைந்து வருடத்தில் ஏழு பேர். ஏழு ஓட்டை.

“ஏழாவது ஆதம்பாவா காக்காட. பட்டி கிண்ணியாவில அவர்ர வீட்டிலதான் இரிக்கும். வாற சனிக்கிழம எனக்கும் அவருக்கும் மல்லு. திங்கக்கிழம காட்சிக்கு வைக்க மல்லுக் கழகத்துக்குக் கொண்டு வந்தாரு. சனத்துக்கு முன்னால துணியைப் பிரிச்சா, எட்டு ஓட்டை.”

“அதில என்ன?”

இரண்டு ஆண்களும் ஒரேநேரத்தில் அவளைப் பார்த்தார்கள்.

“மிஸ், ஓட்டை போட்டாப் பட்டம் என்ட எண்டு அர்த்தம்,” என்றான் லாபிர். “வெல்ல முதல் போட்டா, எலக்சனுக்கு முதல் மந்திரி பங்களாவில போய்ப் பாய் விரிச்ச மாதிரி.”

“ஏன் உங்களில சந்தேகம்?”

அபூதாஹிர் குரலைத் தாழ்த்தினான். “ஞாயித்துக்கிழம நான் அவர்ர வீட்டுக்குப் போனன். எப்பிடி விழுறதெண்டு பேச.”

“எதைப் பேச?” என்றான் லாபிர்.

அபூதாஹிர் நிலத்தைப் பார்த்தான்.

“ஆர் வெல்லுறது எண்டது முதலே முடிவோ?” என்று குணேஸ்வரி கேட்டாள்.

“ஓம் மிஸ். கழகம் முடிவெடுக்கும். இந்த முறை நான்.”

லாபிர் வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தான். “எட்டு வருசம் தொண்டை கிழியக் கத்தினன்,” என்றான். “ஒவ்வொரு முறையும் வூட்டுக்குப் போய்ச் சுடுதண்ணியில உப்புப் போட்டுக் கொப்புளிச்ச நான்.”

“விழுறதுதான் பேச்சு, லாபிர் காக்கா. விழுந்தா நோகிறது பேச்சில்ல.”

கழகத்தின் கோபம் அவளுக்கு விளங்கியது. சனிக்கிழமை எப்படியும் கிடைக்கப்போகிற பட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமையே அளவெடுத்துவிட்டான் என்று நினைக்கிறார்கள். நாளை ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம். இனி ஒருபோதும் அவன் மேடை ஏறக்கூடாது என்று தீர்மானம் போடப் போகிறார்கள்.

“மூதூர்த் துறையடியில என்ன கண்டா விரலை வளையமாப் பிடிச்சுக் காட்டுறாங்க,” என்றான். “அளவெடுத்தவன் எண்டு பேரும் வைச்சாச்சு. உம்மா வாசலுக்கு வாறதில்ல.”

“ஆதம்பாவா என்ன சொன்னவர்?”

“ஞாயிறு வீட்டுக்கு ஆர் வந்த எண்டு கேட்டாங்க. என்ட பேரைச் செல்லிட்டு இரிந்தாரு. அவ்வளவுதான்.” அவன் தாடை இறுகியது. “என்னத் தடுக்காம விட்டாங்கெண்டா, சனிக்கிழம பேச்சுமில்ல ஒண்டுமில்ல. அவர மெய்யாவே முறிப்பன்.”

மூவரும் கழகத்துக்குப் போனார்கள். அது ஓர்ஸ் ஹில் மேட்டின் அடியில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. தலைவர் கனகசுந்தரம் கப்பல் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். பட்டியை மேசையில் வைத்தார். கையை எடுக்கவில்லை.

“பொம்பிளையள் இதைத் தொட்டதில்லை மிஸ். வழக்கம்.”

“அப்ப நீங்களே பிடியுங்கோ. நான் பாக்கிறன்.”

அவருக்கு அது பிடித்தது. விரலை ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்துச் சொன்னார். “இது கடற்படைக் குசினியில இருந்த வெள்ளைக்காரன். இது குச்சவெளிச் சின்னராசா. சுறாவோட மல்லுக்கட்டினவன்.”

“சுறாவும் முதலே பேசித்தான் விழுந்ததோ ஐயா?” என்றான் லாபிர்.

கனகசுந்தரத்தின் முகம் சிவந்தது. அபூதாஹிரை ஒருமுறை பார்த்தார். பிறகு வேகமாகச் சொல்லி முடித்தார். கடற்படைத் தளம் மூடி வெள்ளைக்காரர் போன பிறகு சில வருடம் போட்டியே இல்லை. பட்டி இந்த மேசை லாச்சிக்குள் கிடந்தது. பிறகு துறைமுகத் தொழிலாளர்களே மறுபடி தொடங்கினார்கள். கடைசியாக, எல்லாவற்றிலும் வெளியே, பெரிய இடுப்புக்குப் போட்டது ஆதம்பாவாவின் ஓட்டை.

ஏழும் கிழிந்த ஓட்டைகள். பின்பக்கம் தோல் பிய்ந்து நின்றது. எட்டாவது ஓட்டை ஆதம்பாவாவின் ஓட்டையிலிருந்து ஒரு சாண் உள்ளே இருந்தது. வட்டம். விளிம்பு கறுத்து, இறுகி, மினுங்கியது. அவள் குனிந்து மணந்தாள். தேங்காய் எண்ணெய்.

நூல் ஒன்று கேட்டு வாங்கினாள். பட்டியின் பூட்டிலிருந்து எட்டாவது ஓட்டைவரை அளந்து வெட்டினாள். அதை அபூதாஹிரின் கையில் கொடுத்து இடுப்பில் சுற்றச் சொன்னாள்.

நூலின் இரண்டு நுனியும் சரியாக வந்து தொட்டன.

“பாத்தீங்களோ?” என்றார் கனகசுந்தரம். “இதை நாங்களும் திங்கக்கிழமையே பாத்தனாங்கள்.”

அபூதாஹிர் நூலைப் பிடித்தபடியே நின்றான். அவன் காதுகள் சிவந்திருந்தன. அவள் அவனைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

“மிஸ்,” என்றான் லாபிர், காரைத் தள்ளிக்கொண்டு, “நாம இவன்ட பக்கமா, அவங்கட பக்கமா?”

கிண்ணியாவுக்குப் பாதை என்கிற மிதவைப் படகில்தான் ஆற்றைக் கடக்கவேண்டும். மொறிஸ் மைனரை ஒரு மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் ஏற்றினார்கள். பாதை மெதுவாகக் கரையை விட்டது. லாபிருக்குக் கிண்ணியாதான் ஊர். ஏறியவர்களில் பாதிப்பேருக்கு அவன் ஸலாம் சொல்லி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“அது முள்ளால அடிச்ச ஓட்டை இல்லை, லாபிர். கம்பியைக் காய்ச்சிச் சுட்டது.”

“ரெண்டும் ஓட்டைதானே?”

“பட்டம் தன்ரை எண்டு காட்ட நினைக்கிறவன் முள்ளால அடிச்சுக் கிழிப்பான். அதிலதானே பெருமை. இது ஆறுதலா, மெதுவாச் சுட்டது. பிறகு தோல் வெடிக்கக்கூடாது எண்டு எண்ணெயும் பூசியிருக்கு. எந்தப் பகையாளி எண்ணெய் பூசுவான்?”

லாபிர் யோசித்தான். “நல்ல குடும்பத்துப் பகையாளி.”

“ஓட்டை போட்ட ஆளுக்கு உங்கட வழக்கமே தெரியாது. பட்டி இறுகவேணும், அவ்வளவுதான்.”

“துறைமுகத்தில அது தெரியாத ஆளா? காகத்துக்கும் தெரியும் மிஸ்.”

“எனக்குத் தெரியாது.”

அவன் திரும்பினான்.

“நான் இந்த ஊரில பிறந்தனான். அந்தப் பட்டத்தைப் பற்றி இண்டைக்குக் காலமைதான் கேட்டனான். உங்கட மனுசிக்குத் தெரியுமோ?”

“என்ட பொஞ்சாதிக்கா? மல்லு மைதானம் எந்தப் பக்கம் எண்டே தெரியா. அதெல்லாம் வீட்டில கதைக்கிற...” அவன் நிறுத்தினான். பேச்சின் நடுவில் அவன் நின்று அவள் கண்டதில்லை. “அல்லாஹ்வே,” என்றான் தண்ணீரைப் பார்த்து.

ஆதம்பாவா துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஆட்களுக்குத் தலைவர். பகலில் வீட்டில் இருக்கமாட்டார். அது தெரிந்துதான் அவள் அந்த நேரத்தில் வந்தாள். வாசலில் நிற்கும்போது அந்த நினைப்பு அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அவருடைய மனைவி றுக்கியா கதவைத் திறந்தாள். லாபிர் தன் தாயின் பெயரைச் சொன்னதும் உள்ளே வரச் சொன்னாள். லாபிர் கால் கழுவப் பின்பக்கம் போனான்.

“வெறுந் தேத்தண்ணிதான் மிஸ். குறை நினைக்காதீங்க. கூப்பன் கடையில சீனி வந்து எவ்வளவு நாள்.”

“எங்களிட்டயும் இல்லை.”

முற்றத்துக் கொடியில் ஆணின் சட்டைகள் காய்ந்தன. பெரிய தோள்கள். ஆனால் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தது. பழைய தையலின் கோடு தெரிந்தது. அதற்கு உள்ளே ஒரு தையல். அதற்கும் உள்ளே இன்னொன்று.

லாபிர் யன்னலில் முகத்தை வைத்தான். சிரித்துக்கொண்டிருந்தான். “மிஸ், ஒரு அதிசயம். நாடு முழுக்கச் சீனி இல்ல. இந்த வளவு மூலையில மட்டும் எறும்பு ஊர்வலம். தின்ன ஒண்டுமில்ல அங்க. ஆம்பிளையள் ஒதுங்கிற இடம்...”

அவள் முகத்தைக் கண்டு அவன் சிரிப்பு மெல்ல நின்றது. யன்னலில் இருந்து விலகிப் போனான்.

குணேஸ்வரி தேத்தண்ணீரை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். றுக்கியா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

“எப்ப இருந்து அவர் மெலியிறார்?”

றுக்கியா நெருப்பைத் தள்ளினாள்.

“நோன்புக்கு முதல்ல இருந்து,” என்றாள். “தண்ணி தண்ணியாக் குடிக்கிறாரு. ராவைக்கு எழும்பி எழும்பிப் போறாரு. சட்டையெல்லாம் நான்தான் பிடிச்சுத் தைக்கிற. அவர்ர அளவு இப்ப எனக்குத்தான் தெரியும்.”

“இது நீரிழிவு, சீனி வருத்தம் போலக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லையோ?”

“அங்க மருந்து குடுக்கிறவன் மல்லுப் பாக்க வாறவனாம். சட்டையைக் கழட்டச் செல்லுவானாம்.”

அவள் முக்காட்டை இழுத்து வாயை மூடினாள். துணிக்குள்ளிருந்து பேசினாள்.

“ஞாயித்துக்கிழம அந்த மூதூர்ப் புள்ள வந்து போன பிறகு இவர் பட்டியை எடுத்துக் கட்டிப் பாத்தாரு. நான் கதவுக்குப் பின்னால நிண்டன். வழுகி முழங்காலுக்கு விழுந்தது. குனிஞ்சு எடுத்துக் கட்டினாரு. பிறகும் விழுந்தது. சனத்துக்கு முன்னால இப்பிடி விழுந்தா எண்டு எனக்கு நெஞ்சு பதறினது. அவர் அஸருக்குப் பள்ளிக்குப் போன நேரம் கம்பியைக் காய்ச்சினன். மத்த ஓட்டையெல்லாம் பிய்ஞ்சு அலங்கோலமாக் கிடந்தது. இதையாவது வடிவாப் போடுவம் எண்டு பாத்துப் பாத்துப் போட்டன் மிஸ். ஓட்டை போட்டாக் குத்தம் எண்டு எனக்கு ஆர் செல்லித் தந்த?”

“அவருக்குத் தெரியுமோ?”

“கழகத்தில துணியைப் பிரிச்ச உடனே தெரிஞ்சிருக்கும். வந்து ஒண்டும் கேக்கல்ல. நானும் செல்லல்ல. முகம் பாக்க ஏலாது. நாலு நாளா ரெண்டு பேரும் கோழியைப் பாத்துத்தான் கதைக்கிறம்.”

வெளியே ஒரு கோழி கெக்கரித்தது. இருவரும் சிரிக்கவில்லை.

“நான் வந்து செல்றன் மிஸ். நான்தான் போட்ட எண்டு.”

“ஏன் அந்த இடத்தில போட்டனீங்கள் எண்டு கேப்பினம்.”

றுக்கியா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவள் தோள்கள் தாழ்ந்தன.

“நாளைக்குக் கூட்டம்,” என்றாள் குணேஸ்வரி. “அந்தப் பொடியன் என்னை நம்பி வந்தவன். அவனைக் கைவிட ஏலாது. ஆனா உங்கட பெயரையோ அவருடைய வருத்தத்தையோ என்ரை வாயால சொல்லமாட்டன். அவரிட்டக் கதைக்கிறது உங்கட விருப்பம்.”

“சீனி வருத்தத்துக்கு மருந்து இரிக்கா மிஸ்?”

“இருக்கு. ஒவ்வொரு நாளும் எடுக்கவேணும். ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்.”

தேத்தண்ணீர் ஆறிக் கிடந்தது. அவள் அதைக் குடித்து முடித்துவிட்டு வந்தாள். ஒரு வீட்டுக்குள் புகுந்து, அந்த வீட்டில் குடித்து, அந்த வீட்டின் மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது.

லாபிர் காருக்குள் இருந்தான். இயந்திரத்தை முடுக்கவில்லை.

“பேசி வைச்ச மல்லுக்குக் கத்தினதை நினைச்சு வெக்கமா இரிந்தது,” என்றான். “இப்ப அது பெரிசில்ல. அந்த எறும்புக் கதையைச் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னன் பாருங்க.”

வெள்ளிக்கிழமை கழகத்தின் வாங்குகளில் நிர்வாகிகள் நிறைந்திருந்தார்கள். பட்டி மேசையில் கிடந்தது. அபூதாஹிர் கதவோரம் நின்றான். ஆதம்பாவா மூலைக் கதிரையில், தொளதொளத்த சட்டையில், அகலமாக இருந்தார். குணேஸ்வரி உள்ளே வந்தபோது அவளைப் பார்க்கவில்லை. றுக்கியா பேசினாளா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் எழுந்து நின்றாள். சுட்ட ஓட்டையைப் பற்றிச் சொன்னாள். எண்ணெயைப் பற்றிச் சொன்னாள். உரிமை கேட்கிறவன் இப்படிச் செய்யமாட்டான் என்றாள்.

“சரி,” என்றார் கனகசுந்தரம். “அப்ப ஆர் செய்தது?”

“அபூதாஹிர் செய்யேல்லை. அதுதான் நான் சொல்லக்கூடியது.”

“மிஸ், அளவு அவனுக்குப் பொருந்துது. வேற ஆர் இந்தக் குடாவில அந்த இடுப்போட மல்லுக்கு நிக்கிறவன்? பெயர் இருந்தாச் சொல்லுங்கோ. இல்லாட்டி இது வெறும் கதை.”

அவளுக்குப் பெயர் தெரியும். நாக்கில் இருந்தது. அபூதாஹிர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்தாள்.

“எனக்குத் தெரியும். ஆனா...”

“தெரிஞ்சும் சொல்லாட்டி எப்பிடி? அப்ப தீர்மானத்தை வாசிப்பம்.” அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்தார்.

“நான்தான்,” என்றது மூலையில் ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“என்ன நீர்தான், ஆதம்பாவா?”

“ஓட்டை. நான்தான் போட்ட.”

“விசர்க்கதை கதையாதையும். உம்மட ஓட்டை இஞ்ச கிடக்கு. ஒரு சாண் தள்ளி உள்ளுக்கு நீர் ஏன் போடுறீர்?”

ஆதம்பாவா எழுந்தார். சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நெஞ்சு எலும்பு தெரிந்தது. இடுப்பைச் சுற்றி ஒரு நீளத் தலைப்பாகைத் துணி, சுற்றுக்கு மேல் சுற்றாக. அவர் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தார். துணி வந்துகொண்டே இருந்தது. காலடியில் குவிந்தது. துணி முடிந்தபோது அங்கே நின்ற மனிதர் அபூதாஹிரின் அளவுதான் இருந்தார்.

மேசைக்கு வந்து பட்டியை எடுத்தார். எட்டாவது ஓட்டையில் பூட்டினார். அது அசையாமல் நின்றது.

“சீனி வருத்தம்,” என்றார்.

வாங்கில் இருந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். இனித் தன்னால் ஏலாது என்று ஆதம்பாவா சொன்னதால்தான் இந்த முறை அபூதாஹிரை வெல்ல வைக்க முடிவெடுத்தார்கள். ஏன் ஏலாது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.

கனகசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கையிலேயே வைத்திருந்தார். “ஒருத்தர் ரெண்டு ஓட்டை போட விதியில்லை,” என்றார், மிக மெதுவாக.

“விதியில இல்லாத கனக்க விசயம் இந்த மேசையில முடிவாகுது ஐயா,” என்றான் லாபிர். ஒருவரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கனகசுந்தரம் தீர்மானம் எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். “சனிக்கிழமை மல்லை நிப்பாட்டுவம்.”

“வேணாம் ஐயா. நிப்பாட்டினா ஏன் எண்டு சனம் கேக்கும். நான் விழுந்தே போறன்.”

ஆதம்பாவா கதவுப் பக்கம் திரும்பினார். அபூதாஹிரின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“ஆர் வந்த எண்டு கேட்டாங்க. உன்ட பேரைச் சொன்னன். பொய்யில்ல அது. ஆனா அதுக்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டு இரிந்தன் பாரு...”

அபூதாஹிர் கதவை விட்டு வந்தான். முறிப்பேன் என்றவன் அவன். அவருக்கு முன்னால் வந்து நின்றான். அவன் கைகள் இரண்டும் எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல் கீழே இறங்கின. எந்நாளும் மறைவில் பேசும் பேச்சை அவன் அத்தனை பேர் முன்னால், தாழ்ந்த குரலில் தொடங்கினான்.

“எந்தப் பக்கம் விழுவீங்க காக்கா?”

“வலப்பக்கம் போடு. இடக்கால் மரத்துப்போச்சு. அந்தப் பக்கம் விழுந்தா எனக்கே தெரியாது.”

“சரி காக்கா,” என்றான் அபூதாஹிர். “நான் கீழால கை குடுக்கிறன். சனத்துக்கு விளங்காது.”